கருந்திரை அக்காவுக்கு, காணாமல் போய்க் கிடைத்த மடல்

கன்னங்கரிய திரையில் கண்சிமிட்டும் ஒற்றைக் கோட்டைக் கண்டு நாங்கள் கதிகலங்கி நின்ற காலத்தில், கலங்காத கையும் கனிந்த சொல்லுமாய் இந்த வரைபட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த கணினிப் பராமரிப்பாளரே! சுட்டியை உருட்டி உருட்டிச் சோர்ந்த எங்கள் நடுவே, பத்தே எழுத்தைத் தட்டிப் பாதிநாள் வேலையை முடித்த பெருந்தகையே! இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் கருந்திரை அக்காவாய் வாழ்ந்தவரே! வணக்கம்!

நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளுக்காக அடக்க ஒடுக்கமாக ஒரு மடல்தான் முதலில் எழுதி வைத்திருந்தோம். ஆனால் இன்று பிற்பகல் நடந்ததைச் சொல்லாவிட்டால் எங்களுக்கு மண்டையே வெடித்துவிடும். ஆகவே அதில் பாதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். பொறுத்தருள்க!

நீங்கள் வருமுன் நிரல் ஒன்று உறைந்துபோனால் மின்செருகியைப் பிடுங்குவதே எங்கள் வைத்தியம். அரைநாள் வரைந்த வரைபடமும் அதோடு போகும். முரண்டு பிடிக்கும் நிரலை மட்டும் ஒரு கட்டளையால் நிறுத்தலாம், கணினியை ஏன் கொல்கிறீர்கள் என்று கேட்டவர் நீங்கள்! வட்டு நிரம்பி வழிந்த நாளில், எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தை விழுங்கியது என்று ஒரே வரியில் கண்டறிந்தீர்கள். விழுங்கியது மூத்த வரைவாளரின் மகள் கல்யாணக் காணொளி என்று தெரிந்தும், வெளியே சொல்லாமல் அவர் மானத்தைக் காத்தீர்கள். இன்று நாங்கள் அதைக் கப்பலேற்றிவிட்டோம், அவர் மன்னிக்கட்டும்.

எதையும் அழிக்கவோ நகர்த்தவோ நேர்ந்தால் கையை மடியில் வைக்க வேண்டும், எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும், அடித்த வரியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதன் பிறகே என்டர். இது நீங்கள் வகுத்த சட்டம். பதினோரு பேரும் திரையைப் பார்த்து முணுமுணுப்பதைக் கண்ட தபால்காரர், இங்கே தினமும் பிரார்த்தனை நடக்கிறது என்றே நம்பியிருந்தார்.

அந்தச் சட்டத்தை இன்று மூன்று மணிக்கு மீறினோம், அக்கா. மடலுக்கு மரச்சட்டம் அடிக்க வந்தவர் கண்ணாடியும் கையுமாக வாசலில் நிற்க, நம் தட்டச்சர் மடலை 'பிரதி' என்ற கோப்புறைக்கு நகர்த்தும் கட்டளையை அவசரமாக அடித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. என்டர் அழுத்தினார். மடலைக் காணோம்!

"ஐயோ, அழிச்சுட்டேனே!" என்று தலையில் கைவைத்தார்.

"அக்காவைக் கூப்பிடுங்க" என்றார் வரைவாளர்.

"கூப்பிட்டு? உங்களைப் பாராட்டி எழுதினதை நாங்களே தொலைச்சுட்டோம்னு சொல்றதா?" என்றார் பதிவேட்டு எழுத்தர்.

பக்கத்து அறையில் நீங்கள் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் கையை மடியில் வைத்தோம். தட்டச்சர் விசைப்பலகையின் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினார். கடைசியாக அடித்த வரி திரும்பி வந்தது. பதினோரு பேரும் சேர்ந்து படித்தோம். எழுத்தர் கேட்டார்: "ஆமா, அந்த 'பிரதி' கோப்புறையை யாரு உண்டாக்கினது?"

ஒருவரும் உண்டாக்கவில்லை! அப்படியொரு கோப்புறையே இல்லாததால், 'பிரதி' என்பதை மடலுக்கு நாங்கள் வைத்த புதுப்பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது கணினி. பட்டியலிட்டுப் பார்த்தோம். அந்தப் பெயரில் அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது மடல், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்! முதல் வேலையாக நகலெடுத்தோம், பிறகுதான் கத்தினோம். கதவருகே வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டீர்களே, "பல்லி" என்றோமே, அது பச்சைப் பொய்.

இனி முக்கியமான செய்தி. ஓய்வுக்குப் பின்னும் வாரம் இரண்டு நாள் வந்துபோக அனுமதி கேட்டு மேலாளரிடம் நீங்கள் கொடுத்த விண்ணப்பம் எங்களுக்குத் தெரியும். 'நான் இல்லாவிட்டால் தடுமாறிவிடுவார்கள்' என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். கடற்கரை ஊரில் உங்கள் தங்கை எத்தனை ஆண்டுகளாகக் கூப்பிடுகிறார் என்பதும், ஒவ்வொரு முறையும் இங்கே ஏதோ ஒரு கணினி மக்கர் செய்ததால் நீங்கள் போகாமல் நின்றதும் தெரியும். நேற்றுவரை அந்த விண்ணப்பத்தை ஏற்கச் சொல்லி மேலாளரைக் கெஞ்சியவர்கள் நாங்களேதான். வெட்கமாக இருக்கிறது.

இன்று மூன்றரை மணிக்கு, உங்களைக் கூப்பிடாமலே மடலை மீட்டதும், மனம் மாறினோம். அன்பும் அருளும் அறிவும் ஒருங்கே வாய்த்த அக்காவே, உங்கள் விண்ணப்பத்தை ஒருமனதாக நிராகரிக்கிறோம்! ஞாயிறன்று நீங்கள் வருவதாக மேலாளரே தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கேட்டதும் தங்கை அழுதாராம்.

அலை பார்த்து, அயர்ந்து உறங்கி, நோய் அண்டாமல் நூறாண்டு வாழுங்கள்! இங்கே விருந்தாளியாய் வாருங்கள். விசைப்பலகையைத் தொட விடமாட்டோம். போய்வாருங்கள் அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கையை மடியில் வைத்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின் ஒப்பமிடும்,
வரைபட அலுவலகப் பணியாளர்கள் பதினொருவர்