ஒடுங்கிய நடைக்கு ஓர் அலமாரி

ஒடுங்கிய நடைக்கு அடர்ந்த நிறம் பூசக் கூடாது. பூசினால் சுரங்கத்துக்குள் போவதுபோல இருக்கும். என்னை நீங்கள் அழைத்துவந்த இந்தக் கட்டடத்தின் நடைக்கும் அந்தக் கதிதான், மேடம். அந்தக் கருநீலத்தை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தாரோ, வெளிர் மஞ்சள் அடித்திருந்தால் விசாரணைக்கு வருகிறவர்களுக்குக்கூட மனசு லேசாகியிருக்கும். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் எங்கள் வீட்டு நடைதான்.

வாசல் கதவைத் திறந்தால் நேரே நீளமாக ஒரு நடை. ஒரு பக்கம் வெறும் சுவர். மறுபக்கம் என் அறை, சமையலறை. கடைக்கோடியில் அக்காவின் அறை, குளியலறை அதற்குள்ளேயே. பின்வாசல் கிடையாது. யார் வெளியே போவதானாலும் நடை வழியாகத்தான் போயாக வேண்டும்.

அக்கா தையல்காரி. அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயசு. ஊராருக்கெல்லாம் தைத்து, அதில் என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். பேருந்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போனபின் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து நான் பார்த்துக்கொண்டேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எதிர்ச்சாரியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் இருக்கிறாரே, உங்களிடம் வந்து அழுதாரே, அவர் மனைவியை இழந்தவர். சாயங்காலமானால் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். அக்கா நடை நெடுக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நிற்பாள். இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, அப்படிச் சிரிப்பார்கள். சமையலறையில் எனக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும், விஷயம் கேட்காது. அது ஒரு மாதிரி இருக்கும், மேடம்.

ஒரு நாள் அவர் சொன்னது தெளிவாகவே கேட்டது. "என் வீட்டு வாசப்படியில சாய்வுப் பலகை போட்டாச்சு. நாற்காலி வழுக்கிக்கிட்டு உள்ள வந்துடும். நீ சரின்னு சொல்றதுதான் பாக்கி."

அன்றைக்கு அக்கா என்னிடம் கேட்டாள். "பாப்பா, நான் போயிட்டா நீ தனியா சமாளிச்சுக்குவியாடி?"

"போய் நல்லா இரு, அக்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் பக்கத்து உறவுக்காரர்கள் வந்து பேசுவார்கள் என்றாள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது நடை அல்லவா? அது அழுது வடிந்துகொண்டிருந்தது. கையைக் கடிக்காமல் அதை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பழைய சாமான் கடையில் அகலம் குறைந்த பெஞ்சு ஒன்று கிடைத்தது. உட்கார்ந்து செருப்புப் போட வசதி, அடியில் செருப்பை வைக்கவும் இடம். அக்காவின் தையல் நாடாவாலேயே நாற்காலியை அளந்துவிட்டுத்தான் வாங்கினேன். சக்கரங்கள் தாராளமாகப் போகும்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். சக்கரத்துக்கு இடம் இருந்தால் போதாது, அதைத் தள்ளுகிற கைகளுக்கும் இடம் வேண்டும். அன்று சாயங்காலம் புறப்பட்டவள் பெஞ்சருகே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பெஞ்சு, இரண்டு கையிலும் முட்டி உரிந்துவிட்டது. "என்ன பாப்பா, கை உரசுதுடி. இதைக் கொஞ்சம் எடுத்துடேன்" என்றாள். நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி அவளைப் பின்னாலேயே இழுத்துவந்து மருந்து போட்டேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் பேச்சுக்கு அவள் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பெஞ்சு வாங்கியபோது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அந்தத் தேநீருக்குப் பிறகு இருந்தது.

அதற்கப்புறம் நடை தானாகவே நிரம்பியது என்று சொல்லலாம். பெஞ்சுக்கு எதிரே குடை மாட்டும் கொக்கிகள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அது நடையை இரட்டிப்பாகக் காட்டும். நடுவில் கனத்த திரை. திரைத்துணியைத் தள்ளுபடியில் பிடித்தேன். பார்வைக்கு அழகு, சத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டால் வாசலில் நிற்பவருக்கு யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலத்தான் கேட்கும். கடைசியாக, வாசலுக்குச் சற்று உள்ளே, வந்தது அலமாரி. உயரம், ஒடுக்கம், இரும்பு. மூடிய பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்கு வந்தது. கொண்டுவந்த தச்சர் இரண்டு திருகாணி போட்டுச் சுவரோடு பிணைத்தார். "இது தலைகனம் பிடிச்ச சாமான்மா. பிணைக்கலேன்னா யார் பிடிச்சு இழுத்தாலும் மேலயே சாஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர்.

நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அக்காவின் அறைக் கதவு எப்போதும் திறந்தேதான் இருந்தது. போன் வயர் காணாமல் போனது உண்மை. கடிகாரக்காரரிடம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதும், அக்காவிடம் அவர் வரவேயில்லை என்று சொன்னதும் உண்மைதான். முதலில் அழுதாள். பிறகு கெஞ்சினாள். பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவளுக்குத் தலை வாரிவிடுவது லேசான காரியமா, சொல்லுங்கள்.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பினால் அவள் தரையில் கிடந்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, கையை ஊன்றி ஊன்றி, கிடைத்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டே அலமாரிவரை வந்துவிட்டாள். தையல்காரியின் கைகள், மேடம். அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்று, இதுவரை இல்லாத குரலில் சொன்னார். "நாளைக்கு நான் உள்ள வந்து அவளைப் பார்த்துட்டுத்தான் போவேன். நீங்க தடுத்தாலும் சரி."

அவர் பார்த்துவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன். பெஞ்சும் கண்ணாடியும் திரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாருக்காக?

மறுநாள் காலை அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நல்ல திருகாணியைத் தூக்கிப் போடுவதில்லை. இப்போதும் சமையலறையில்தான் இருக்கும், உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அவர் வந்தார். கதவைத் திறந்து, திரையையும் நானே ஒதுக்கிக் கட்டினேன். அவரை வாசலிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். கடை எப்படிப் போகிறது, இந்தக் காலத்தில் கடிகாரம் யார் கட்டுகிறார்கள் என்று வாயைக் கிளறினேன். அவர் குரல் சன்னமானது, அதனால், காது சரியாகக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். பாவம், சத்தமாகவே சொன்னார். உள்ளே நாற்காலி உருண்ட சத்தம் வந்தது. பிறகு தரையில் உள்ளங்கை படுகிற சத்தம். நான் பேச்சை விடவில்லை.

அக்கா அலமாரியருகே வந்ததும் அவர் பார்த்துவிட்டார். என்னைத் தள்ளிக்கொண்டு வர முயன்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒடுங்கிய நடையில் ஒருத்தி நின்றால் இன்னொருவர் கடக்க முடியாது. அவள் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கினாள். அலமாரி அவளோடு சேர்ந்து சாய்ந்தது. கையை நீட்டியிருந்தால் எனக்கு எட்டியிருக்கும். நான் நீட்டவில்லை. அது விழுந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விழ வேண்டும் என்றுதான் கழற்றினேன், விழுந்தது. நான்தான் கொன்றேன், மேடம். இதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் அவரைத் தேடித்தான் தவழ்ந்து வந்தாள் என்று அவர் உங்களிடம் சொன்னாராம். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அலமாரி சாயும்போது அவள் "பாப்பா, புடிடி" என்றாள். அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவள் கூப்பிட்டது என்னைத்தான்.