அம்பிகையின் நாலு திகதிகள்

மத்தியானம் இரண்டு மணிக்குச் சின்னோரா, இத்தாலியில் நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, படுக்கப் போய்விடுவார். நாலு மணிவரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. பாத்திரம் கழுவுவதென்றாலும் குழாயை மெல்லத்தான் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு மணித்தியாலமும் குசினி மேசையில் குந்தியிருந்துதான் எங்கள் சனங்களின் வேலையைப் பார்த்தேன். வீட்டு வேலை செய்கிற மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சட்டத்தரணி அம்மா, நடந்ததை என் மொழியிலேயே எழுதச் சொன்னீர்கள். நல்லது. இத்தாலியனில் எனக்குக் கதைக்க வரும், சந்தையில் சண்டை பிடிக்கவும் வரும், எழுத வராது. என் பெயர் அகஸ்ரீனா. ஊர் மன்னார். வயது ஐம்பத்தேழு. அம்பிகையின் நாலு திகதிகளுக்கும் நேரே நாலு பெயர் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். ஆனால் வேலை எப்படி நடந்தது என்று தெரியாமல் வெறும் பெயர்களைப் பார்த்தால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

குடும்ப டொக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டின் இலக்கத்தையும் நோயாளியின் சுகாதார அட்டை இலக்கத்தையும் வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் நாள் எடுக்க வேண்டும். தொலைபேசியில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். சில வேளை அடுத்த கிழமை கிடைக்கும். சில வேளை எட்டு மாதம் கழித்து. காலையிலிருந்து மற்றவர்களின் படிக்கட்டுத் துடைக்கிற மனுசி நாற்பது நிமிடம் தொலைபேசியைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? ஆகவே சீட்டையும் அட்டையையும் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். நான் நாள் எடுப்பேன். தொடர்பு இலக்கம் என்ற இடத்தில் என் இலக்கத்தையே போடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து இத்தாலியனில் செய்தி போனால் இவர்கள் விளம்பரம் என்று அழித்துவிடுவார்கள். எனக்கு வந்தால் நான் தமிழில் குரல் பதிவு அனுப்புவேன். நாளைக்கு ஒன்பதுக்கு, வெறும் வயித்தோடை போங்கோ, அட்டையை மறக்காதையுங்கோ என்று. முப்பத்தொரு குடும்பம். கைநீட்டி ஒரு சதம் வாங்கியதில்லை. பலகாரம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலுக்கு வருவதற்குள் நாலு பேர் மறிப்பார்கள். அக்கா, ஒரு சின்ன உதவி. எல்லாம் சின்ன உதவிதான். என் வலது கால் ஆறு வருடமாக வீங்கியிருக்கிறது. அதென்ன வீக்கம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. களைப்பைச் சொல்கிறேன்.

முதலில் மாற்றியது எமிலியானுசுக்காக. துறைமுகத்தில் கப்பல் அறைகள் துடைக்கிறவர். இருமும்போது இரத்தம் வந்தது. நெஞ்சு ஸ்கானுக்கு அவருக்குக் கிடைத்த திகதி ஐந்து மாதம் கழித்து. அதே ஸ்கானுக்கு நகுலேஸ்வரனுக்கு எட்டே நாளில் நாள் இருந்தது. நகுலேஸ்வரன் கபோ சந்தைப் பக்கம் ஒரு உணவகத்துக் குசினியில் நிற்கிறவர், அம்பிகையின் கணவர். பழைய இருமல், அதுவும் அதற்கிடையில் நின்றுவிட்டது. இரண்டு பேரின் இலக்கங்களும் என்னிடம். மேசையில் இரண்டு தொலைபேசிகளை வைத்தேன். ஒன்றில் நகுலேஸ்வரனின் நாளை ரத்துச் செய்தேன். அந்த இடம் திறந்ததும் மற்றதில் எமிலியானுசின் பெயரைப் போட்டேன். பிறகு எமிலியானுசின் பழைய திகதியை நகுலேஸ்வரனுக்கு எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. 

“தம்பி, ஆஸ்பத்திரியிலை தள்ளிப் போட்டிட்டினம்,” என்றேன் நகுலேஸ்வரனிடம்.

“இவையளோடை இதுதானே அக்கா. நீங்கள் என்ன செய்யிறது,” என்றார்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி தள்ளிப் போட்டதென்றால் எங்கள் ஆட்கள் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். எமிலியானுசுக்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தார்கள். இப்போதும் துறைமுகத்தில்தான் வேலை. அவருடைய மனுசி மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல அவளுக்கு என்ன தெரியும். அதன் பிறகு ஒரு வருடத்துக்குள் பதினொரு பேருக்கு மாற்றியிருக்கிறேன். யாருக்கு அவசரம், யார் பொறுக்கலாம் என்று நான்தான் பார்த்தேன். யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

அம்பிகை போன வருடம் பெப்ரவரியில் வந்தாள். பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் கந்தோர்கள் துடைக்கிறவள், நாற்பத்தொன்பது வயது. சின்னோராவின் குசினிக்குள் வந்து இருந்துகொண்டு சீட்டை நீட்டினாள்.

“அக்கா, இடப்பக்கத்து மார்பிலை ஒரு சின்னக் கட்டி. அவருக்கு இன்னும் சொல்லேல்லை. பயந்திடுவார்.”

“சொல்லாதையும். முதல் என்னெண்டு பாப்பம்,” என்றேன்.

“பிள்ளைக்கும் படிப்புச் சோதனை வருது. அவளுக்கும் இப்ப சொல்லப் போறேல்லை. உங்களுக்கு மட்டுந்தான்.”

ஏப்ரல் ஒன்பதுக்கு நாள் எடுத்தேன். கெதியில் பார்க்க வேண்டும் என்று டொக்டர் குறித்திருந்தார். நல்ல திகதி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

மார்ச்சில் அமலினியின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். அமலினி எங்கள் கோவில் பிள்ளை, இருபத்தெட்டு வயது. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக இருந்தோம். யாரோ என்னிடம் ஒரு சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். அப்போது அம்பிகை சொன்னாள்.

“இனி அகஸ்ரீனா அக்காவை ஒருத்தரும் கரைச்சல்படுத்தக் கூடாது. பாவம் அவ. என்ரை கேசிகா போனிலையே எல்லாம் எடுப்பாள். ரெண்டு நிமிசம்.”

கேசிகா அவளுடைய ஒரே மகள், பத்தொன்பது வயது, இங்கேயே பிறந்தவள். “அப்ப அக்காவுக்குப் பென்சன்தான்,” என்று யாரோ பகிடி விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தாய்மார் அந்த இடத்திலேயே கேசிகாவின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த கிழமை செவ்வாயும் புதனும் எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை மேசையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பழுதாகிவிட்டதோ என்று சின்னோராவின் தொலைபேசியிலிருந்து எனக்கே அடித்துப் பார்த்தேன். அது வேலை செய்தது. எனக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

இனித் திகதிகள்.

ஏப்ரல் ஒன்பதை அமலினிக்குக் கொடுத்தேன். அவளுடைய தாய் இதே வருத்தத்தில், மார்புப் புற்றுநோயில், போனவள். டொக்டர் அவளுக்கும் மார்பு ஸ்கான் எழுதியிருந்தார், அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய ஜூன் இருபத்தாறை அம்பிகைக்கு எடுத்தேன். அமலினிக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. கடவுளுக்கு நன்றி.

ஜூன் இருபத்தாறை அபிதாவுக்குக் கொடுத்தேன். அபிதாவுக்கு நோய் என்று ஒன்றும் இல்லைதான். மார்புக்கு வருடாந்தப் பரிசோதனை. ஆனால் ஜூலையில் யாழ்ப்பாணம் போகவிருந்தாள், போக முன்னர் செய்து முடித்தால் நிம்மதி என்றாள். அத்தோடு மற்றவர்கள் எல்லாம் கேசிகாவிடம் ஓடியபோது அவள் என்னிடமே வந்தாள். அதையும் பார்க்கத்தானே வேண்டும். அம்பிகைக்குச் செப்டம்பர் பதினேழு கிடைத்தது.

செப்டம்பர் பதினேழைச் சின்னோராவின் பெறாமகளுக்கு, தங்கையின் மகளுக்கு, கொடுத்தேன். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, அது உண்மை. சின்னோரா சாப்பாட்டு மேசையில் பெருமூச்சு விட்டார், பிள்ளைக்கு மார்பு ஸ்கானுக்கு நாள் கிடைக்கவில்லையாம் என்று. நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அம்பிகைக்கு நவம்பர் இருபது.

ஒவ்வொரு முறையும் நானேதான் அழைத்துச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் “பரவாயில்லை அக்கா, நீங்கள் கவலைப்படாதையுங்கோ,” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வாள். அதைக் கேட்கவே களைப்பாக இருக்கும்.

மகளிடம் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஓகஸ்டில் கேசிகாவுக்குக் கட்டி விசயம் தெரியவந்திருக்கிறது. சீட்டைத் தாங்கோ அம்மா, நான் பாக்கிறன் என்று கேட்டிருக்கிறாள். அம்பிகை கொடுக்கவில்லை. அக்கா தொடங்கின காரியம், இடையிலை பறிச்சால் அவ என்ன நினைப்பா என்று சொல்லியிருக்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் மகள் நாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், தாயின் சீட்டு மட்டும் என்னிடம் இருந்தது. எங்கள் சனம் அப்படித்தான். முகத்தை முறிக்க மாட்டார்கள். இதில் என் குற்றம் என்ன?

ஒக்டோபரில் ஒருநாள் வடை சுட்டுக்கொண்டு வந்தாள். இடது கையைத் தூக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நவம்பர் இருபது நிச்சயந்தானே?”

“ஆஸ்பத்திரிக்காரர் தந்த திகதி. நிச்சயந்தான்.”

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, கதையோடு கதையாக, “இப்ப கேசிகாவுக்கு ஒரே போன் அக்கா. இருபது குடும்பம் வந்திட்டுது. பிள்ளைக்குப் படிக்க நேரமில்லை,” என்றாள். முகத்தில் பெருமை இருந்தது, தாய்க்கு இருக்காதா. இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஜனவரியில் மூச்சு எடுக்க முடியாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. ஒரு வருடத்துக்கு முதல் வந்திருக்கலாமே என்று அங்கிருந்த டொக்டர் நகுலேஸ்வரனை ஏசினாராம். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சின்னப் பிள்ளை மாதிரிக் கிடந்தாள். தாதியிடம் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் என்னைக் காட்டி, இவர்தான் எனக்காக இவ்வளவு நாளும் அலைந்தவர் என்றாள். நான் அவளுடைய காலைப் பிடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொன்னது எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. ஒரு மாதத்தில் போய்விட்டாள். செத்தவீட்டுச் சமையலை நானே பொறுப்பெடுத்துச் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமையில் கேசிகா வந்தாள். வாசலிலேயே நின்றாள். கையில் முன்பதிவு அலுவலகத்தில் எடுத்த ஒரு கடதாசி.

“அன்ரி, நாலு தரமும் ஆஸ்பத்திரி தள்ளிப் போடேல்லை. நாலு தரமும் ரத்துச் செய்தது எங்கடை பக்கத்தாலை எண்டு கிடக்கு. உங்கடை நம்பர்.”

“உள்ளை வாரும் பிள்ளை,” என்றேன்.

“இல்லை. இதிலையே சொல்லுங்கோ.”

“ஆருக்கு அவசரமோ அவைக்குக் குடுத்தனான். உம்மடை அப்பான்ரை நாளாலைதான் எமிலியானுஸ் இண்டைக்கு உயிரோடை இருக்கிறார். போய்க் கேளும்.”

அவள் கடதாசியில் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இது ஆருக்கு?”

நான் கதவைச் சாத்திவிட்டேன். கால் வலி, அதிக நேரம் நிற்க முடியாது. அதன் பிறகுதான் அவள் முறைப்பாடு கொடுத்ததும், நீதிமன்றம் உங்களை எனக்குத் தந்ததும்.

நீங்களும் அதே வரியைத்தான் கேட்கிறீர்கள். நவம்பர் இருபது, காலை பத்து நாற்பது. நான் மறைக்கவில்லை. அந்த நாளை யாருக்கும் கொடுக்கவில்லை. வடை கொண்டுவந்த அன்றைக்கு, அவள் படியிறங்கிப் போன பிறகு, ரத்துச் செய்தேன். அதற்குப் பதிலாக வேறு திகதியும் எடுக்கவில்லை. நவம்பர் நெருங்கும்போது அழைத்து, பெப்ரவரிக்குத் தள்ளிப் போட்டிட்டினம் என்றேன். அப்படி ஒரு பெப்ரவரி எந்தக் கணினியிலும் இருக்கவில்லை. பரவாயில்லை அக்கா என்றாள்.

அவளைச் சாகவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கேசிகாவால் முடியாது அக்கா, உங்களை விட்டால் எனக்கு வேறை ஆர் இருக்கினம் என்று ஒருதரம் வந்து சொல்லியிருந்தால் போதும், அந்தக் கிழமையே நாள் எடுத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு அது ஐந்து நிமிட வேலை. டிசம்பர் முழுக்க, ஒவ்வொரு நாளும் இரண்டிலிருந்து நாலு மணிவரை, இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது, சட்டத்தரணி அம்மா.