முன் பலகை

இல்லம்மா, டிக்கெட்டெல்லாம் வாங்கிட்டேன், இந்தா பாரு. நான் சும்மா அந்த ஜன்னல் பக்கம் கொஞ்சம் நின்னுக்கறேன். வேணாம், வேணாம், அங்க நின்னா பாத்துடுவாரு. நீயும் இந்தத் தூணுக்குப் பின்னாடி வா.

யாரா? மெதுவா எட்டிப் பாரு. ஏரிக்கரையில, பச்சைத் தோணிக்குப் பக்கத்துல, சிவப்புத் தொப்பி. கார்னெட்னு பேரு. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு உங்க தோணி மியூசியத்துக்குள்ள வந்தவ, டிக்கெட்டே வாங்கிட்டேன். கூத்தைப் பாரு!

கெட்ட ஆளா? ஐயையே, தங்கமான மனுஷன். தபால் லாரி ஓட்டி ரிடையர் ஆனவரு. பனி கொட்டினா நான் எந்திரிக்கறதுக்குள்ள என் வாசல் பனியைத் தள்ளி விட்டுட்டுப் போயிருப்பாரு. சீட்டாட்டத்துல மட்டும் திருட்டுத்தனம், அதுவும் என்னை ஜெயிக்க வைக்கத்தான். போன வாரம் சர்ச் ஹால்ல நாற்காலி அடுக்கிட்டு இருக்கோம். திடீர்னு கேக்கறாரு, வெர்னா, நாம ரெண்டு பேரும் இனிமே ஒரே வீட்ல இருந்தா என்னன்னு. இந்த வயசுல! கையில இருந்த நாற்காலியை அடுக்கிட்டே, ஞாயித்துக்கிழமை ஏரியில ஒரு சுத்து போவோம், அங்க வெச்சு பதில் சொல்றேன்னேன். ஆமா, நானேதான் சொன்னேன். எங்க பக்கம் எதையும் தண்ணியில வெச்சுத்தானே பேசுவோம்.

வந்து பாத்தா, மனுஷன் தோணியோட முன் பலகையில எனக்குன்னு பூப்போட்ட மெத்தை ஒண்ணு போட்டு வெச்சிருக்காரு. அதைப் பாத்ததும்தான் பாத்ரூம்னு சாக்குச் சொல்லிட்டு இங்க ஓடி வந்தேன்.

தண்ணின்னா பயமா? எனக்கா? நல்லா கேட்ட போ! கல்யாணம் ஆனதுலேருந்து லோர்னோட, அதான் எங்க வீட்டுக்காரரோட, தோணியிலயேதான் குடித்தனம். இது மரப்பட்டைத் தோணியா? என்னமா தைச்சிருக்காங்க! தொடல, தொடல, சும்மா பாக்கறேன். ஏம்மா, கனடா பூரா இருக்கற தோணியையெல்லாம் கொண்டு வந்து தொங்க விட்டிருக்கீங்களே, ரெண்டு பேர் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து ஓட்டற மாதிரி ஒண்ணாவது இருக்கா? இல்லைல்ல? நான் ரெண்டு தடவை சுத்தி வந்துட்டேன்.

எங்க தோணியில நான் முன்னாடி, லோர்ன் பின்னாடி. முன்னாடி உக்காந்தவ துழாவினா போதும். திருப்பறது, நேரா விடறதெல்லாம் பின்னாடி இருக்கறவரு பாடு. பாறை வருதுன்னு கத்துவேன், தெரியும்பாரு. அதோட சரி, அன்னிக்குப் பூரா வாயைத் திறக்க மாட்டாரு. நான்தான் ஏரி நீளத்துக்கும் பேசிட்டு வருவேன். பின்னாடி துடுப்பு தண்ணியில விழற சத்தம் கேக்கும், அதான் எனக்கு ம்ம் கொட்டறது.

கார்னெட் எந்திரிச்சுட்டாரா? வாட்சைப் பாக்கறாரா? ஐயோ. நிஜத்தைச் சொல்றேன், இங்க பின்வாசல் இருக்கான்னு கேக்கத்தான் உன்கிட்ட வந்தேன். கேக்கத்தான் வாய் வரல. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா. மறைச்சு என்ன ஆகப் போகுது? வீட்ல டீவியோட பேசிப் பேசி அலுத்துப் போச்சு.

அப்புறம் என்ன தயக்கமா? அந்த மெத்தைதான்.

லோர்ன் போனது தோணியிலதாம்மா. முழுகியெல்லாம் இல்ல. காத்தே இல்லாத நாளு. எங்க மாப்பிள்ளை புதுசா கார் வாங்கினதை நான் திட்டிட்டே வர்றேன். தோணி லேசா ஒரு பக்கமா திரும்புச்சு. நேரா விடுங்களேன், கண்ணு எங்க இருக்குன்னு அதுக்கும் திட்டினேன். திட்டிட்டு மறுபடி மாப்பிள்ளை கதைக்கே போயிட்டேன். நாணல்ல போய் மோதினப்பதான் திரும்பினேன். உயிர் சட்டுனு போயிருக்கும், நீங்க பாத்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. சரிதான். ஆனா, பாத்திருப்பேன்ல?

அட, அழாதே. உன்னை அழ வைக்கவா வந்தேன்? இந்தா, துடைச்சுக்கோ.

இங்க பாரு, அந்தத் துடுப்பு ஜனங்க தொட்டுப் பாக்க வெச்சதுதானே? அதைக் குடு. கார்னெட் முன்னாடி உக்காரட்டும். நான் பின்னாடி உக்காந்து, அவரு முதுகு அசையறதைப் பாத்துட்டே வர்றேன். சரின்னும் சொல்லிடப் போறேன். ஆனா ஒரு சிக்கல். தோணியை நேரா விட எனக்குத் தெரியாது. துழாவி முடிக்கறப்ப மணிக்கட்டை என்னமோ பண்ணணுமாமே? லோர்ன் என் முதுகுக்குப் பின்னாலதானே பண்ணாரு, நான் எங்க பாத்தேன்? கட்டைவிரல் கீழ போகணுமா, மேல வரணுமா? சட்டுனு காட்டும்மா, ஆளு இங்கதான் வர்றாரு.