சர்வருக்கு வைத்த பொட்டு

புதிய வெர்ஷன் போடுவதற்கு ஆலை ஓடாத நாள்தான் நல்லது. அடுத்த மாதம் நீங்கள் வந்து எங்கள் அப்ளிகேஷன் சர்வரை மாற்றப் போவதாக மேனேஜர் சொன்னார். உங்களுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த ஆனந்த் சாரிடம் கேட்டு வைத்திருப்பதை உங்களுக்காக எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். நேரில் பேச எனக்கு வராது.

முதலில், பழைய வெர்ஷனை அழிக்காதீர்கள். புதியதைப் பக்கத்தில் வேறு இடத்தில் போடுங்கள். புதியது சண்டித்தனம் செய்தால் பழையதையே திரும்ப ஓட்டலாம். "புது வீட்ல பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி பழைய வீட்டைக் காலி பண்ணுவாங்களா?" என்பார் ஆனந்த் சார்.

அடுத்தது, பழைய செட்டிங்குகளை அப்படியே தூக்கிப் புதியதில் வைக்க முடியாது. புதியதில் எழுதும் முறையே வேறு. ஒவ்வொரு வரியாகப் பார்த்து மறுபடி தட்ட வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டினால் கண் வலிக்காது. அன்றைக்கு ஆனந்த் சார் தட்டினார். வாசித்தது நான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பின் ஓரத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் நாற்காலி என்னுடையது. பழுது பார்க்க எந்த பிரஸ்ஸுக்குள் ஆள் இறங்கினாலும் முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். நான் 'ஆள் உள்ளே' என்று தட்டுவேன். அவர் வெளியே வந்து சொல்லும்வரை அந்த பிரஸ்ஸுக்கு ஸ்டார்ட் சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லாமல் ஆபரேட்டர் சுவிட்சைத் தொட மாட்டார். அப்படி ஒரு பூட்டை ஆனந்த் சார் செட்டிங்கில் போட்டு வைத்திருந்தார்.

மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து அந்த நாற்காலியில் உட்காரும்போதுதான் நான் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும். பள்ளியில் என் பெயரை வாத்தியார் மறந்துவிடுவார். இங்கே கங்கப்பன் மேஸ்திரி முதல் எல்லோரும், "தமிழு, சீட்டு குடும்மா" என்று என்னிடம் கை நீட்டுவார்கள். புதிய வெர்ஷன் வந்தால் ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் ஒரு திரை வந்துவிடும் என்றும், ஜன்னலை அடைத்துவிடலாம் என்றும் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஜன்னலைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

பூட்டு இருந்த வரி வந்தபோது நான் அதைத் தாண்டி அடுத்த வரியை வாசித்தேன். "ம், அடுத்தது" என்றார் ஆனந்த் சார். வேறொன்றும் நடக்கவில்லை.

இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்கு அப்போது தெரியவில்லை. புதியது சரியில்லை என்று ஆகிவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று, சோதித்துப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். பொய்யாக ஒரு ஆளை உள்ளே இறக்கிப் பதிந்துவிட்டு, சீட்டு வருகிறதா என்று பார்த்தாலே போதும். ஆனந்த் சாரும் அதைச் செய்யத்தான் இருந்தார். ஆனால் நாங்கள் வேலை செய்த நாள் ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைக்க அவரை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் நான் சர்வருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் வைத்தேன். ஐயர் வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

ஆனந்த் சார் பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "யாரும்மா பொட்டு வச்சது? ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கே."

"பூஜை போட்டாச்சு சார்" என்றார் கங்கப்பன். "இன்னிக்கி அதும்மேல கை வெச்சா ஓனரு நம்மள உடச்சிருவாரு, பூசணிக்காய உடச்ச மாதிரி. நாளைக்கி பாத்துக்கலாம், வாங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நல்ல நாள் பார்த்து வேலை தொடங்குபவர்கள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். இதையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். மறுநாள் விஜயதசமி. ராகு காலத்துக்கு முன்னால் எல்லா பிரஸ்ஸும் ஒரு தட்டாவது தட்ட வேண்டும் என்பது ஓனரின் கட்டளை. பெங்களூர் ரோட்டில் லாரிகள் நின்றுபோனதால் ஆனந்த் சாரின் பஸ் வந்து சேரவில்லை.

அப்போது முனிவேல் ஜன்னலுக்கு வந்தார். ராயக்கோட்டைக்காரர், ஃபிட்டர். சந்தையிலிருந்து என் அம்மாவுக்குத் தக்காளி கொண்டுவந்து கொடுப்பார்.

"மூணாம் பிரஸ்ல ஆயில் ஒழுவுது. எறங்கறேன், எழுதிக்கம்மா. பராக்கு பாத்துகினு என்னியும் தக்காளி தொக்கு ஆக்கிடாத."

"போங்கண்ணா" என்றேன். அவர் சொன்னதைத் தட்டினேன். அவர் போனார்.

கொஞ்ச நேரத்தில் கங்கப்பன் வந்தார். "தமிழு, எல்லாத்துக்கும் சீட்டு அடி. நேரம் போவுது." மூன்றாம் பிரஸ்ஸுக்கும் கேட்டேன். திரை மறுக்கவில்லை. பிரிண்டர் சத்தம் போட்டது. சீட்டு வந்தது.

அவர் கை நீட்டியபடி நின்றார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஒரு சின்னப் பிழை என்று ஆகியிருக்கும். ஆனந்த் சார் வந்து ஒரு வரியைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். புதியது நிலைத்துவிடும், ஜன்னல் போய்விடும். இவ்வளவையும் நான் நிதானமாக யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஆனந்த் சார், அந்த வரியைத் தானே விட்டுவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தார். நான் அதை வாசித்தேனா என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. வாசித்திருப்பேன் என்றே நம்பினார். இப்போது குருபரப்பள்ளியில் ரோட்டோரம் செல்போன் கடை வைத்திருக்கிறார் என்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் குனிந்துகொள்கிறேன்.

பழைய வெர்ஷனை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால் அதற்கே திரும்பினார்கள். ஜன்னல் இருக்கிறது. நாற்காலியும் இருக்கிறது. உங்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் தேவைப்பட்டால் என்னை மட்டும் கூப்பிடாதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வெர்ஷனை மாற்றினாலும் உள்ளே பதிந்தவை அழிவதில்லை. பிரஸ்ஸைக் கழுவிய பிறகு கங்கப்பன் ஜன்னலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சீட்டு கேட்டார். பழைய பூட்டு சரியாக வேலை செய்தது. மூன்றாம் பிரஸ், முனிவேல், ஆள் உள்ளே, சீட்டு கிடையாது என்றது திரை.

"அத எடுத்து வுடும்மா" என்றார் மேனேஜர்.

முனிவேல் வெளியே வந்துவிட்டார் என்று நான் தட்டினேன்.