மேய்ச்சல் மேட்டுக்காக ஒரு மறுப்பு

அவைத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் ருடெர்க் அவர்களே, அவருக்கு அருகே அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, வாக்குரிமை வாய்த்த லானெர்வின் நகரத்தாரே, வாக்குரிமை இல்லாமலே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு மாடத்தில் நெருக்கி நிற்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் சேணம் தைக்கும் இத்தேலின் வணக்கம்.

தேர்தல்தோறும் என்னை இந்த மேடையில் ஏற்றுகிறார்கள். நிலக்கிழார் சர் ஹம்ஃப்ரி நாடாளுமன்றத்துக்கு நிறுத்தும் ஆளை நான் வாழ்த்த வேண்டும். நீங்கள் கை தட்ட வேண்டும். முதலில் அவர் தம்பி, பிறகு மைத்துனர், இப்போது மருமகன். வாழ்த்தி வாழ்த்தி வாய் வலிக்கிறது, ஐயா. மருமகனுக்கு நம் ஊருக்கு வழி தெரியுமா? நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

ஏன் இல்லை? சென்ற தேர்தலை எண்ணிப் பாருங்கள். நாம் எதிர்த்து வாக்களிப்போமோ என்று அவர்களுக்கு ஐயம். எல்லைக்கு அப்பாலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, இதே மன்றத்தில் உறுதிமொழி வாங்கி, நகரத்தார் ஆக்கினார்கள். நம்மில் ஒருவர் எழுந்து மறுத்தாலே அது நடக்காது என்பது இந்த ஊர் வழக்கம். எழுந்தோமா? எப்படி எழுவோம்? வெள்ளைச் சிங்கம் விடுதியில் சர் ஹம்ஃப்ரியின் செலவில் பீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்றானுங்க, ஓட்டுப் போடுறானுங்க, போயிடுறானுங்க. நமக்கென்னடா நட்டம்?" என்றான், அதோ நிற்கும் நம் தெய்லோ.

வந்தார்கள். போட்டார்கள். போனார்கள். வசந்தத்தில் ஆடுகளோடு திரும்பி வந்தார்கள். ஊர்ப் பொதுவான மேய்ச்சல் மேட்டில் நகரத்தார் எவருக்கும் உரிமை உண்டு என்பதை நாம் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை. புல் போனது, புல்லோடு பால் போனது. கணவனை இழந்த நெஸ்டா நம் மேயரிடம் போய் நின்றாள்.

"சட்டப்படி அவங்களும் ஊர்க்காரங்கதாம்மா," என்றார் மேயர்.

"ஊர்க்காரங்களா? எம் புருசன் சாவுக்கு அதுல யாருங்க வந்தாங்க?" என்றாள் நெஸ்டா.

நீங்கள் பதிவேட்டை மூடி வைத்தீர்கள், மேயர் அவர்களே. அவள் தன் இரண்டு பசுக்களில் ஒன்றை விற்றாள்.

இன்று கதவுக்கு வெளியே இன்னொரு கூட்டம் உறுதிமொழிக்குக் காத்திருக்கிறது. இவர்களும் ஆட்டுக்காரர்கள்தாம். இவர்கள் நகரத்தார் ஆனால் நெஸ்டாவின் மிச்சப் பசுவும் சந்தைக்குப் போகும்.

என்ன, தெய்லோ? உரக்கச் சொல்.

"உனக்கு ஏதுய்யா மாடு? நீ எதுக்கு வாயக் குடுத்து வம்புல சிக்குற?"

மாடு இல்லை, தம்பி. வீடு இருக்கிறது. அதுவும் சர் ஹம்ஃப்ரியின் வீடு. நான் மறுத்தால் நாளையே காலி செய்யச் சொல்வார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைவிடச் சலிப்பு பெரிதாகிவிட்டது. தலையாட்டிச் சலித்தேன், தாளம் போட்டுச் சலித்தேன், நகரத்தான் என்ற பேரை வைத்துக்கொண்டு நாணிக் கோணி நின்று சலித்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், மேயர் அவர்களே: இத்தேல் ஆகிய நான் மறுக்கிறேன்.

வீடு போகட்டும். மேய்ச்சல் மேட்டில் ஒரே இரவில் சுவர் எழுப்பி, விடியும்போது கூரையில் புகை வரச் செய்தவனுக்கு அந்த வீடு சொந்தம் என்ற வழக்கமும் இந்த மண்ணில் உண்டு. மேடு நமக்கு மிஞ்சினால் எனக்கும் அதில் ஓர் இடம் மிஞ்சும். செவி கொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம். கையும் கொடுப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள். தெய்லோ, நீயும் வா. பீர் கிடையாது.