பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு

பிள்ளைகள் கால் நகத்தை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வந்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. சொன்னால் பெற்றோர் சிரிப்பார்கள். மொத்த உடம்பையும் விரல் நுனியில் நிறுத்தப்போகிற பிள்ளைக்கு நகம் சின்ன விஷயமில்லை.

அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில், எங்கள் வீட்டு மாடி ஹாலில் பாலே நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு முன் சென்னையில் கற்றது. நுனியில் நிற்பதற்கென்றே முனை கட்டியாக இருக்கும் பாயிண்ட் ஷூவை நான் யாருக்கும் எளிதில் கொடுப்பதில்லை. முதலில் கணுக்கால், ஆடுசதை, வயிறு எல்லாம் வலுவாக வேண்டும். சுவரோரக் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்; பிறகு ஒற்றைக் காலில். தரையில் போட்ட துண்டை விரல்களாலேயே சுருட்ட வேண்டும். கணுக்கால் வெளிப்பக்கம் சாயவே கூடாது. எப்போது ஷூ என்று கேட்டால், உன் கால் சொல்லும் என்பேன்.

என் மகள் எழிலும் அந்த வகுப்பில்தான். நல்ல பிள்ளை, கணுக்கால்தான் கொஞ்சம் சாயும். அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் திரௌபதியின் மகள் தென்றலுக்குச் சாயாது. ஒற்றைக் காலில் எழுந்தால் நட்டுவைத்த மாதிரி நிற்பாள். அவள் கால் எப்போதோ சொல்லிவிட்டது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நான்தான் இருந்தேன். ஜாக்கிரதை போதாது என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான் பாலே கற்ற சென்னைப் பள்ளி, இங்கிருந்து ஒரு பிள்ளையைச் செலவில்லாமல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒரே ஒரு பிள்ளை. அதற்காக வேண்டிக்கொண்டு திரௌபதி பௌர்ணமியன்று மகளோடு வெறுங்காலில் மலையை முழுக்கச் சுற்றி வந்தாள். மறுநாள் காலையில் போன் செய்தாள்.

"டீச்சர், பாப்பாவுக்கு காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. இன்னைக்கு ஒருநாள் லீவு குடுங்க."

"அனுப்பிவைங்க. இன்னைக்குதான் ஷூ போடலாம்னு இருக்கேன்."

திரௌபதி கடையைக்கூடத் திறக்காமல் தானே கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனாள். களைத்த காலில் நிற்கத் தெரிந்தவள்தான் மேடையில் நிற்பாள். இதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஷூவின் ரிப்பனை நானே கட்டினேன். ஆடுசதையைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இறுகி, உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. தென்றல் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எழுந்தாள். அழகாகத்தான் எழுந்தாள். புதிதாக ஏறும் பிள்ளை பல வாரங்களுக்குக் கம்பியை விடக் கூடாது, அது பாலபாடம். பக்கத்தில் எழில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுக்கச் சொன்னேன்.

தென்றல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விட்டுடட்டுமா டீச்சர்?"

"நான் புடிச்சுக்கறேன். விடு."

விட்டாள். கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கியது. பிடிக்கிற தூரத்தில்தான் நின்றிருந்தேன். பிடிக்கவில்லை. பாதத்தின் ஓர எலும்பு உடைகிற சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது.

திரௌபதி என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், "நான்தான் டீச்சர், நடக்கவெச்சு கெடுத்துட்டேன்," என்று அழுதாள். அழுகிற தாயை மறுத்துப் பேசுவது நாகரிகமில்லை. தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சென்னைப் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்தபோது தென்றல் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். மீதிப் பிள்ளைகளில் எழில்தான் தேறுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழில் ஆட வரவில்லை. அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு ஹாலுக்கே வருவதில்லை. மாடிப்படி இறங்கும்போது நான் கை நீட்டினால், தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

தென்றல் விழுந்ததைப் பார்த்த பயம்தான். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும்.