ஏழாம் எண்ணில் இருந்த பெயர்

தக்கலை காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் முன்னிலையில், சொன்னவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் பெமிலா. வயது 55. கணவர் பெயர் ஜெயசிங், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தக்கலை சர்ச் மேற்குத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். இந்த மாவட்டத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் துறைத் தலைவராக இருக்கிறேன். அங்கே ஒப்பந்தக் கணினி இயக்குநராக வேலை பார்க்கும் சுபிதா, இணையதளத்தில் இருந்த ஆவணத்தைப் பணம் வாங்கிக்கொண்டு திருத்திவிட்டதாகப் பதிவாளர் கொடுத்த புகார் இந்த நிலையத்தில் இருக்கிறது. அது தொடர்பாக என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்து சொல்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டதன் பேரில், மாதம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் எல்லோருடைய பெயரையும் தொகையையும் பல்கலைக்கழக இணையதளத்தில் போடுவதென்று சென்ற மாதம் கூட்டத்தில் முடிவானது. அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் அதை ஒளித்து வைக்கக்கூடாது என்று ஐந்து நிமிடம் பேசவும் செய்தேன். என் பெயரும் வரும் என்று தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இணையதளத்தைத் திறந்து பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை பட்டியல் வெளியானது. அதில் என் பெயர் ஏழாவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் ஜாஸ்பின் எனக்குப் போன் செய்து, "டீச்சரே, உங்க பேரு என்னமோ லிஸ்டுல வந்திருக்காமே, லிங்க் இருந்தா அனுப்புங்க, சங்கத்து குரூப்புல போடுகேன்" என்றார். பாராட்டும் எண்ணத்தில்தான் கேட்டார். அப்புறம் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

காரணம், இரண்டு நாள் கழித்து ஞாயிறன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த தேங்காய், சேனை, வாழைக்குலை எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அதில் பொருளின் விலைக்கு யாரும் கேட்பதில்லை, அவரவர் வருமானத்துக்குத் தக்கபடிதான் கேட்பார்கள். கேட்காதவரை ஏலம் விடுகிறவர் பெயர் சொல்லியே கேலி செய்வார். நான் பல வருடங்களாக ஐந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. வீட்டுக்கடன் போகக் கைக்குக் கொஞ்சம்தான் வருகிறது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்கடனை நாங்கள் எப்போதோ அடைத்துவிட்டோம்.

இதையே என் தம்பி ரசலையனிடமும் சொல்லியிருந்தேன். அவர் மார்த்தாண்டத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். அவருடைய மகள் ரெனிஷாவுக்குச் சென்ற ஆண்டு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. முதல் வருடக் கட்டணத்துக்கு என்னிடம் வந்து கேட்டார், திருப்பித் தருவதாகவும் சொன்னார். எனக்கே கழுத்துவரை கடன் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். ரெனிஷா இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

ஜாஸ்பின் பேசிய அந்த வெள்ளிக்கிழமை மாலையே சுபிதாவுக்குப் போன் செய்தேன். அவர் என்னிடம் படித்தவர். இந்த வேலைக்குப் பரிந்துரைத்ததும் நான்தான். மாதம் பதினான்காயிரம் ரூபாய் தொகுப்பூதியம். பட்டியலில் என் பெயர் இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிடும்படி சொன்னேன். "யாராவது கேட்டா நான் என்ன டீச்சர் சொல்லுவேன்?" என்றார். "திங்கக்கெழம காலையில திரும்பப் போட்டிரு மக்கா, ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான், யாரு கேக்கப் போறா?" என்றேன். சரி என்றார். இதற்காக அவருக்கு நான் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அதன் பிறகுதான் ஜாஸ்பினுக்கு லிங்க் அனுப்பினேன். பார்த்துவிட்டு, உங்கள் பெயர் இல்லையே, யாரோ சும்மா சொல்லியிருக்கிறார்கள் என்று அவரே சமாதானம் சொன்னார்.

ஞாயிறு ஏலத்தில் ஒரு மட்டி வாழைக்குலைக்கு நானூறு என்று கேட்டேன். ஏலம் விட்ட சபைச் செயலாளர், "டீச்சரு நானூறுல நிக்குது. டீச்சரத் தோக்கடிக்க ஆளு உண்டா மக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போது பின்னால் நின்ற என் தம்பி ஆயிரம் என்று கேட்டு அந்தக் குலையை எடுத்தார். அதன் பிறகு அதைத் தோளில் சுமந்துகொண்டு என் காருக்கு வந்து, "இத வண்டியில வையி அக்கா. அத்தானுக்கு மட்டிப்பழம்ணா இஷ்டமில்லா? உனக்க கடனும் கை முட்டும் எனக்குத் தெரியும்" என்றார். நான் டிக்கியைத் திறந்து கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை சுபிதா அந்த வரியைத் திரும்பப் போடுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவர் வரியை எடுத்தபோது ஆறுக்குப் பிறகு எட்டு என்று எண் அப்படியே நின்றுவிட்டது. தகவல் கேட்டு மனுப் போட்டவர் முதல் நாளே முழுப் பட்டியலையும் இறக்கி வைத்திருந்தார். அதையும் திருத்திய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பட்டியலில் இருந்த மற்றவர்களை ஊரில் யாருக்கும் நினைவில்லை. மறைந்துபோன என் பெயர் கேரள எல்லையான களியக்காவிளை வரைக்கும் போய்விட்டது. பதிவாளர் இணையதளத்திலிருந்து பட்டியலையே எடுக்கச் சொல்லி, சுபிதாவை அழைத்து விசாரித்தார். சுபிதா, கை தவறி அழிந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை என்று சொன்னார். அதன் பிறகு பதிவாளர் என்னை அழைத்து, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தைப் போடும்போது சுபிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தி, இங்கே புகாரும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு இரண்டு நாள் நான் வேலைக்குப் போய் வகுப்பும் எடுத்தேன். நேற்று மாலை தம்பியின் கடைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் வந்ததை ரெனிஷா அவரிடம் போனில் காட்டியிருக்கிறாள். அவர் ஒரு ஸ்கூட்டர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "தர மனசில்லன்னு சொல்லியிருந்தா, ஒரு நேரம் சங்கடப்பட்டுட்டு வேற ஆளப் பாத்திருப்பேன் அக்கா. உனக்க கடன் தீரணும்ணு நாங்க மூணு பேரும் டெய்லி குடும்ப ஜெபத்துல முட்டுக்குத்திட்டுல்லா இருந்தோம்" என்றார். நான் ஏதோ சொல்ல வந்தேன். "எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். அந்தப் பிள்ளைக்க பேர்ல கேசு குடுத்திருக்காவளாம், அங்க போய்ச் சொல்லு" என்றார். இந்த வயதில் இவ்வளவு கேவலமாக நான் ஒருவர் முன்னும் நின்றதில்லை.

அதன்படி இன்று காலை இங்கே வந்தேன். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் சுபிதா தன் கணவருடன் வராந்தாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுவதுபோல எழுந்து நின்றார். "உங்க பேரச் சொல்லல்ல டீச்சர்" என்றார். உட்காரும்படி சொன்னேன். நான் உள்ளே வரும்வரை அவர் உட்காரவில்லை.

சுபிதா செய்தது முழுக்க நான் சொல்லித்தான். பதிவாளருக்கு நான் எழுதிக் கொடுத்தது பொய். சுபிதா மீதுள்ள நடவடிக்கையைக் கைவிட்டு, எதுவானாலும் என் மீது எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு சார்பு ஆய்வாளர், "எல்லாம் சொன்னீங்க டீச்சர், சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லலியே" என்றார். அதுதான் பட்டியலில் இருக்கிறதே என்றேன். "அதத்தானே எடுத்தாச்சு" என்றார். என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாத தொகை அது. மாதம் இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் என்று சொன்னேன். பேனாவை எழுதத் தயாராக வைத்துக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். வராந்தா வரைக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
பெமிலா